பேட்டரி கழற்றிய மணி

பேட்டரி வயரைக் கழற்றி மேஜைமேல் போட்ட கால்மணி நேரத்தில் டோக்கன் பெட்டியின் மணி ஒரு தட்டு தட்டியது.

துரைக்கண்ணு வயரைப் பார்த்தார். அறுந்த பல்லிவாலாவது துடிக்கும். இது சும்மா கிடந்தது.

1989 மார்ச் பதிமூன்று, பகல் ஒரு மணி. திண்டிவனத்துக்குத் தெற்கே, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவிலிருந்த சின்ன ஸ்டேஷனுக்கு அவர் மாஸ்டர். விழுப்புரம் பக்கம் ஒற்றைத் தண்டவாளம். டோக்கன் பெட்டியில் விழும் இரும்புப் பந்துதான் அனுமதி; அது கைக்கு வராமல் எந்த டிரைவரும் நகரமாட்டார். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணையன் கம்பி வழியாக இங்கே மணியடித்துச் சம்மதித்தால்தான் பந்து விழும். ஒரு பந்து வெளியே இருந்தால் இரண்டு ஸ்டேஷனிலும் இன்னொன்று விழாது.

வயரைக் கழற்றியது லைன்மேன் சவுரிராயன். “துருவத்து வானத்துல கரண்டு ஆறாட்டம் ஓடுதாம் சார். சூரியன் கெளப்பிவுட்டது. கம்பியெல்லாம் அத்த இழுத்துக்கினு பேஜாரு பண்ணுது. மணியை நம்பாதீங்க, போன்ல கேளுங்க.”

போனில் மீன் வறுக்கிற இரைச்சல் மட்டும் இருந்தது.

பிளாட்பாரத்தில் பாசஞ்சர் வண்டி நாற்பது நிமிஷமாக நின்றது. அதில் பிரசவ வலியோடு மகள் சின்னபொண்ணு. ஜன்னல் வழியாக மனைவி லட்சுமியம்மாள் கத்தினாள்: “இன்னாங்க, வண்டிய வுடுவீங்களா மாட்டீங்களா? பொண்ணு பல்லக் கடிச்சிக்கினு கெடக்குது. பேரனுக்கு இங்கயே டிக்கெட் கிழிக்கப் போறீங்களா?”

அப்போது மணி அடித்தது. இரண்டு தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, ஒரு தட்டு. மல்லாட்டை உடைக்கிற மெஷினில் விரல் போன கண்ணையனின் கை. பதினோரு வருஷமாகக் கேட்ட கை. பேயே அடித்தாலும் அந்த இடைவெளி வராது என்று துரைக்கண்ணு நினைத்தார்.

பெட்டி வயிற்றில் ‘டொக்’. பந்து விழுந்தது. அந்த வெயிலில் ஐஸாக இருந்தது. மேலே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. சட்டையில் துடைத்து டிரைவரிடம் கொடுத்தார்.

வண்டியின் வால் கொல்லைகளுக்குள் மறைந்ததும் போன் இரைச்சல் நின்றது.

“அண்ணே,” என்றான் கண்ணையன். “சரக்கு வண்டியை உங்க பக்கம் வுட்டுட்டேன்.”

“எந்தப் பந்தைக் குடுத்த?”

“நீங்கதான அடிச்சீங்க? கடைசித் தட்டை மூட்டப்பூச்சி நசுக்கற மாதிரி அழுத்தி... உங்க கை எனக்குத் தெரியாதா?”

துரைக்கண்ணு மணியைத் தொடவே இல்லை.

ஓடினார். கொடியை ஆட்டினார். வெயில்தான் இருந்தது. கானல். தூரத்தில் ஒரு ஹாரன். எதிரே இன்னொன்று. இரண்டும் ஒன்றாக. பிறகு ஒன்றுமில்லை. இடிச் சத்தம்கூட இல்லை. காக்கை இல்லை.

அறைக்குத் திரும்பினார். தொங்கிய ரிசீவரில் கண்ணையன் அழுதுகொண்டிருந்தான். அழும்போதே அவன் கையின் அந்த இடைவெளியோடு இங்கே மணி அடித்தது: வண்டி வந்து சேர்ந்தது என்ற குறி.

அதற்கு இந்தப் பக்கம் பதில் அடிக்க வேண்டும்.

துரைக்கண்ணு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.

எதிரே, மணியடிக்க அழுத்தும் குமிழ் தானாக உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி போனது. கடைசித் தடவை, மூட்டைப்பூச்சியை நசுக்குவது போல, உள்ளேயே நின்றது.