நீர்த்தெள்ளின் இதயம்

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் எழில்மதி, ஒரு வாரமாகப் பூச்சிகளின் இதயத்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பூச்சிக்கு நீர்த்தெள்ளு என்று பெயர். கடுகளவுதான் இருக்கும். குட்டைத் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால், நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே இதயம் துடிப்பது தெரியும். அறிவியல் ஆசிரியர் கலையரசன் சார் அதைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டுவார். எழில்மதி எண்ணுவாள். அவள் கூட்டாளி சுபாஷ் ஒவ்வொரு துடிப்புக்கும் தாளில் ஒரு புள்ளி வைப்பான். எண்ணிக்கை பிசகினால், மறுபடியும் முதலிலிருந்தா என்று முனகுவான்.

எல்லாம் கள்ளக்குறிச்சியில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்காக. இதயத்துக்கு நல்லது என்று ஊரில் சொல்லும் மருதம்பட்டையை அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரில் பூச்சியின் இதயம் நிமிடத்துக்கு 230 முறை துடித்தது. பட்டை ஊறிய தண்ணீரில் 170 முறைதான். துடிப்பு குறைந்தால் இதயத்துக்கு ஓய்வுதானே என்று நினைத்தார்கள். ‘மருதம்பட்டை இதயத்தைக் காக்கும்’ என்று சுபாஷ் அட்டையில் பெரிதாக எழுதிவிட்டான்.

இதைக் கேட்டு எழில்மதியைவிட அதிகம் மகிழ்ந்தவர் அவள் அப்பா இருசப்பன். மரவள்ளிக் காட்டில் வேலை செய்பவர். போன வருடம் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்து வந்ததிலிருந்து தினமும் மாத்திரை. மாதம் ஒருமுறை பஸ் ஏறி, மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வர வேண்டும்.

“இனிமே எதுக்கு அலையணும்? எம் பொண்ணே கண்டுபிடிச்சிட்டா. ரெண்டு நாள்ல மாத்திரை தீருது. அப்புறம் பட்டைக் கஷாயம்தான்” என்றார் அப்பா.

எழில்மதிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். தான் எண்ணியதில் எங்கேயாவது தப்பு இருந்தால் என்ன ஆகும்?

மறுநாள் மணியடிக்கும் முன்பே பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். பட்டைத் தண்ணீர் மண்பானையில் இருந்தது. கையை விட்டாள். விரல் சில்லிட்டது. வெறும் தண்ணீரோ ஜன்னலோரம் கண்ணாடி ஜாடியில் வெயிலில் இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

சாரிடம் வெப்பமானி வாங்கி அளந்தாள். ஒன்று 18 டிகிரி. இன்னொன்று 25.

இரண்டையும் ஒரே மாதிரி ஜாடிகளில் ஊற்றி, ஒரே தொட்டித் தண்ணீரில் வைத்து, இரண்டும் 25 டிகிரிக்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு சாரும் சுபாஷும் வந்து சேர, மூவருமாக எண்ணினார்கள். வெறும் தண்ணீரில் 228. பட்டைத் தண்ணீரில் 231. இன்னும் இரண்டு முறை எண்ணியும் பெரிய வித்தியாசம் இல்லை. துடிப்பைக் குறைத்தது பட்டை இல்லை, குளிர்ச்சி.

சுபாஷின் முகம் வாடியது. “அட்டையில எழுதியாச்சே. யாருக்குத் தெரியப்போவுது?”

“அதை நம்பி எங்கப்பா மாத்திரையை நிறுத்தப்போறாரு” என்றாள் எழில்மதி.

சுபாஷ் அட்டையைத் திருப்பிப் போட்டான். “பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு” என்றான்.

அன்று மாலை எழில்மதி அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கே அழைத்து வந்தாள். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கிக்குள் நெடுநேரம் பார்த்தார். கடுகளவு உடம்புக்குள் இதயம் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“அப்போ பட்டை வேலைக்காவாதா?” என்று கேட்டார் அப்பா.

“அது எனக்குத் தெரியலப்பா. பட்டைக்குள்ள இன்னா இருக்குன்னு பெரிய ஆய்வுக்கூடத்துல பாத்துக்கினு இருக்காங்க. ஆனா நான் எண்ணுனதை வச்சி நீ மாத்திரையை நிறுத்தக் கூடாது.”

கலையரசன் சாரும் ஒன்று சொன்னார். அப்பா விழுங்கும் ஆஸ்பிரின் மாத்திரையே ஒரு மரப்பட்டையை ஆராய்ந்த வழியில் பிறந்ததுதானாம். பட்டையிலிருந்து மாத்திரை வரை வர, பல பேர் பல வருடம் சோதித்துப் பார்த்தார்களாம்.

அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். “சரி பாப்பா. நாளன்னைக்கு ஒரே பஸ்ல போலாம். நீ கண்காட்சிக்கு, நான் ஆஸ்பத்திரிக்கு.”

கண்காட்சியில் அவர்களுடைய மேசையில் புது அட்டை நின்றது: ‘நாங்கள் ஏமாந்தது எப்படி?’ அதைப் படித்த எல்லோரும் நின்றார்கள். பார்வையிட வந்த அதிகாரி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழில்மதி தடுமாறாமல் பதில் சொன்னாள். அவர் தன் குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு போனார்.

மதியம் அவளும் சுபாஷும் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் அப்பா நின்றிருந்தார். கையில் மாத்திரைப் பொட்டலம். டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரையோடு வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்று, சின்னசேலத்திலிருந்து வந்திருந்த பிள்ளைகளுக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

“மொதல்ல ரெண்டு ஜாடியையும் தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கணும். அப்புறம்தான் எண்ணணும். ஒவ்வொருத்தரா வாங்க” என்றார்.

எழில்மதி அவரை நகரச் சொல்லவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.