பட்டியலில் இருப்பவை மட்டும்

"அப்பா, வேர் இஸ் யுவர் ஃப்ளாஸ்க்?" என்று ருக்மிணி கேட்டபோது பத்மநாபன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னிக்கு எடுத்துட்டு வரலம்மா" என்றான்.

சொன்ன பிறகுதான் மேஜையைப் பார்த்தான். ஒரு ஃப்ளாஸ்க்கின் அடிப்பாகம் அளவுக்கு, ஈரமாக, ஒரு வட்டம் இருந்தது.

நியூஜெர்சியின் எடிசனில் அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கே ஜன்னலுக்கு வெளியே பனி சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் போய்விட்ட பள்ளிக்கூடத்தில் ரேடியேட்டர் குழாய் மட்டும், உள்ளே யாரோ விரல் மூட்டால் தட்டுவதுபோல், டக் டக் என்று நடைபாதை நெடுகத் தட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் அறையில் சூடான பிளாஸ்டிக் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்திருந்தன. பனியால் daycare மூடிவிட்டதால் ஆறு வயது மகளையும் கூட்டிவந்திருந்தான். அவள் கடைசி வரிசையில், பன்னிரண்டாவது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பன்னிரண்டையும் மாணவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஒருவன் ஃபைல்களின் பெயரையெல்லாம் மாற்றி வைப்பான். ஒருத்தி, ஆன் செய்ததும் கெட்ட வார்த்தை வரும்படி ஏற்பாடு பண்ணிவிட்டு, கோயிலுக்கு வந்தவள் போல உட்கார்ந்திருப்பாள். நாலு மாதம் ஏமாந்த பிறகு பத்மநாபன் தலைகீழாக யோசித்தான். என்னவெல்லாம் இருக்கக் கூடாது என்று எழுதப் போனால் முடிவே கிடையாது; என்ன இருக்கலாம் என்று மட்டும் எழுதிவிட்டால் தீர்ந்தது. ஒரு பட்டியல். அதில் இல்லாதது எதுவானாலும் அழி. நாற்காலி காணோம், டஸ்டர் காணோம் என்று வைஸ் பிரின்சிபலும் நச்சரித்துக்கொண்டிருந்ததால், ஒரே மூச்சில் சரிபார்த்துவிடலாம் என்று அறையிலிருந்த சாமான்களையும் அதே பட்டியலின் கீழே அடித்துச் சேர்த்தான். அவன் அப்பாவுக்கு மயிலாப்பூரில் பாத்திரக்கடை. இருப்பைப் பார்க்காமல் கடை சாத்துகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

நண்பன் சுந்தரராமனின் ஆபீசில், ஓரத்தில் வெட்டு இல்லாத பன்னிரண்டு ஃப்ளாப்பிகளாகப் பார்த்து, அங்கிருந்த தனி மெஷினில் பட்டியலைப் பதிந்து வாங்கினான். அந்த மாதிரி டிஸ்கைப் படிக்கத்தான் முடியும், அதில் எழுத முடியாது.

"இனிமே நானே நெனச்சாலும் மாத்த முடியாது" என்று நேற்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னான்.

"பொண்டாட்டிய நம்பாதவங்களப் பாத்திருக்கேன். தன்னையே நம்பாத ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் ஜலஜா.

மூன்று முடிந்திருந்தது; நாலாவது கம்ப்யூட்டரில் அதற்கான டிஸ்கைச் செருகினான். டிரைவ் கரகரவென்று அரைத்தது, நின்றது, எதையோ யோசிப்பதுபோல் ஒரு கணம் கழித்து மறுபடி அரைத்தது.

"அப்பா, மை க்ரேயான்ஸ் ஆர் கான்."

"நீ கொண்டு வரவே இல்லையே, கண்ணு."

"ஐ டிட்." விரல்களை விரித்துக் காட்டினாள். நுனிகளில் சிவப்பு மெழுகு ஒட்டியிருந்தது. தாளில் ஒரு வீடு, பாதி சிவப்பாக இருந்தது.

ஐந்து. ஆறு. ஏழு அரைத்து முடித்ததும் அவனுக்குக் குளிர்ந்தது. சுவரில் கோட் மாட்டும் கொக்கிகள் காலியாக இருந்தன. அவற்றின் அடியில், கம்பளத்தின் மேல், உருகிய பனி இரண்டு இடத்தில் தேங்கியிருந்தது. பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று. ருக்மிணி ஓடிவந்து சிறியதில் காலை வைத்துப் பார்த்தாள்.

கோட் போட்டு வந்த ஞாபகம் அவனுக்கு இல்லை. ஆனால் நியூஜெர்சியில், ஜனவரியில், கோட் இல்லாமல் எவன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவான்?

ஏழாவது திரையில் பட்டியலைத் திறந்தான். நாற்காலி பன்னிரண்டு. போர்டு ஒன்று. கடிகாரம் ஒன்று. ஃபோன் ஒன்று. டஸ்டர் இரண்டு. ஃப்ளாஸ்க் இல்லை. க்ரேயான் இல்லை. கோட் இல்லை. பொறுப்பாளர் பத்மநாபன் என்ற கடைசி வரி வரை படித்தான். மறுபடி படித்தான். வேறு என்னென்ன அதில் இல்லை என்று நினைத்தவன் ருக்மிணியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் பெயரை அடித்தான். ருக்மிணி, ஒன்று. எழுத முடியாது என்றது திரை. மறுபடி அடித்தான். எழுத முடியாது. டிஸ்கை வெளியே இழுத்து ஓரத்தை விரலால் தடவினான். வழவழவென்று இருந்தது. வெட்டு இல்லை. அவனே தேடி வாங்கியது.

"ருக்கு, கெளம்பலாம். வா."

"பட் ஐ ஹெல்ப்ட், அப்பா." விழுந்த பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தாள். "ஐ டிட் தி ரெஸ்ட். நவ் வீ கேன் கோ ஹோம்."

எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, ஐந்து டிரைவிலும் டிஸ்க் செருகியிருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்தும் சேர்ந்து அரைக்கத் தொடங்கின.

எட்டாவதின் பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. அரைப்பது நிற்கவில்லை.

அவள் கையைப் பிடித்தான். சூடான, மெழுகு பிசுபிசுக்கும் சின்னக் கை. ஓடினான். வாசல் பத்தடி. எட்டாவது நின்றது. ஒன்பது. கதவுக் கண்ணாடியில் இரண்டு உருவம். பத்து. கதவுப் பிடி. பதினொன்று.

"அப்பா, யூ ஆர் ஹர்ட்டிங் மை..."

பன்னிரண்டு.

அமைதி. கதவருகே பத்மநாபன் நின்றுகொண்டிருந்தான். எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை. மூச்சு ஏன் இப்படி வாங்குகிறது என்றும் தெரியவில்லை. குழாய் டக் டக் என்றது. ஃபோன் அடித்தது.

"கெளம்பலயா இன்னும்?" ஜலஜாதான். "ரோடெல்லாம் வழுக்குதாம், மெதுவா drive பண்ணுங்க. ஓக் ட்ரீ ரோட் கடையில நிக்க வேணாம், கறிவேப்பில இருக்கு. ருக்கு கிட்ட குடுங்க."

"யாருகிட்ட?"

"வெளையாடாதீங்க. குழந்தைகிட்ட குடுங்க."

அவன் அறையைப் பார்த்தான். நாற்காலி பன்னிரண்டு. போர்டு ஒன்று. கடிகாரம் ஒன்று. டஸ்டர் இரண்டு. எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து கதவு வரை கம்பளத்தில் சின்னச் சின்ன ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாக உலர்ந்துகொண்டிருந்தன.

"லிஸ்ட்ல அப்படி யாரும் இல்லையே, ஜலஜா" என்றான்.

மறுமுனையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அவள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள், திரும்பத் திரும்ப. அவனுடைய இடது கை, எதையோ சின்னதாகப் பொத்திப் பிடித்ததுபோல், வளைந்தபடியே தொங்கியது. விரித்துப் பார்த்தான். விரியவில்லை. விரல்களுக்கு இடையில் சிவப்பாக மெழுகு ஒட்டியிருந்தது.