நான்காவது தகடு

“மூணும் நல்லாத்தானுங்க்கா இருக்குது. அப்புறம் ஏன் நின்னு போறாரு?”

“அதை நீதான் கண்ணு சொல்லோணும்,” என்றாள் ஸ்டெல்லா. கைப்பையின் வாரை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள்.

பழுது பார்க்கும் ஷமீமா, நாற்காலியில் கண்மூடியிருந்த அருள்தாஸின் காதுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது நினைவுத் தகட்டை உருவினாள். மூளைக்காய்ச்சல் வந்துபோன பிறகு ஊரில் எல்லோருக்கும் நினைவு தகட்டில்தான், ஆளுக்கு நான்கு. கோளாறு என்றால் ஒவ்வொன்றாகத் தனியே செருகிக் கேள்வி கேட்பார்கள். நான்கும் சேர்ந்திருக்கும்போது அருள்தாஸ் பேச்சின் நடுவே உறைந்துவிடுகிறார். நேற்று உறைந்தது நடுச்சாலையில். பேருந்து ஒரு முழம் தள்ளி நின்றது.

ஷமீமா நான்காவதைச் செருகினாள். “அண்ணா, கடைசியா ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனீங்க?”

“பிரசவத்துக்கு. ரெண்டு நாள் வலி.”

ஷமீமா சிரித்துவிட்டாள். பிறகு தகட்டின் எண்ணைக் குனிந்து பார்த்தாள். யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள்.

“அக்கா, இது உங்களுதா?”

“என்னுதுல இருந்து படியெடுத்தது.” ஸ்டெல்லா எழுந்து சன்னல்வரை நடந்து திரும்பினாள். “ரூபி வாய்க்கால்ல முழுகிப் போனப்புறம் அவரு மறதி மனுப் போட்டுட்டாரு. மக இருந்த தகட்டையே கழட்டிட்டாங்க. பேரைச் சொன்னா, யாரு அதுங்கறாரு. நான் ஒருத்தியே எத்தனை நாளைக்கு அழுகறது? காலியாக் கிடந்த எடத்துல இதைச் செருகிட்டேன். நிக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி, ரூபின்னு கூப்பிடறாரு.”

“வேற ஆளு தகடு வேற வேகத்துல ஓடும்க்கா. அதான் முட்டிக்குது. வேகத்தைக் குறைச்சா ஒத்துப்போகும். ஆனா ஒரு பதில் சொல்ல அண்ணனுக்குக் கால் மணி நேரமாகும். இப்படியே விட்டா அடுத்த பஸ்சு நிக்காது. கழட்டிடட்டுங்களா?”

ஸ்டெல்லா கணவனின் முகத்தையே பார்த்தாள். பிறகு சரியென்று தலையசைத்தாள்.

ஷமீமாவின் விரல் தகட்டைத் தொட்டது. அருள்தாஸ் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் வாயில் வந்தது, மூன்று வருடத்துக்கு முன் மகளைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்ட வாசலில், வெளியூரிலிருந்து அவர் வந்து சேரும் முன்பு ஸ்டெல்லா கெஞ்சியது.

“கொஞ்சம் பொறுங்க. அவரு வந்துட்டே இருக்காரு. பாப்பாவை ஒருதடவை அவருகிட்டக் காட்டிட்டு எடுத்துட்டுப் போங்க.”