ஒன்பதாவது எக்ஸ்ரே

கோம்பையில் பழைய ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றை ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். 2004 தை மாதம், எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு உத்தமபாளையத்திலிருந்து நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். சுவரெல்லாம் இன்னும் ஏலக்காய் வாசம்.

புற்று உடலுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதுதான் டாக்டர் சண்முகராஜின் ஆராய்ச்சி. எலிகளைக் கைவிட்டிருந்தார். ஊசி போட்டு எலிக்கு வரவழைக்கும் கட்டி, மனிதருக்குப் பரவுவதுபோலப் பரவுவதில்லையாம். நாய்க்கு மடியில் தானாக வரும் கட்டிதான் நம்மைப் போலவே நுரையீரலுக்குப் போகும் என்றார்.

அப்படித்தான் உள்ளூர்க்காரி சங்கிலியம்மாளின் செவலை நாய், மடியில் கட்டியோடு வந்தது. குணப்படுத்தித் தருவதாக டாக்டர் வாக்குக் கொடுத்தார். ஆனால் கட்டியை அறுக்கவில்லை. அறுத்தால் பரவுவதைப் பார்க்க முடியாதே. வாரம் ஒரு படம் எடுத்தேன். நுரையீரலில் வெள்ளைப் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. வைத்தியம் நடக்கிறது என்று அந்த அம்மாளிடம் ஒவ்வொரு வாரமும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

ஒன்பதாம் வாரம் நாய் மூச்சுத் திணறிச் செத்தது. அறுவைச் சிகிச்சை செய்தும் பலனில்லை என்றார் டாக்டர். சங்கிலியம்மாள் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தையல் இல்லை.

"மூச்சு முட்டுனத வாராவாரம் படம் புடிச்சீகளாக்கும்," என்றாள். "அது உங்கள விடாது."

அழவில்லை. நாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுவாரம், பட்டப்பகலில், இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மருந்து நெடியோடு நனைந்த ரோமத்தின் வாடை கலந்து வந்தது.

ஏதோ இரைத்தது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அன்றே டாக்டருக்கு இருமல் தொடங்கியது. மார்பைப் படம் எடுக்கச் சொன்னார். நாயின் முதல் வாரப் படத்தில் இருந்த அதே மூன்று புள்ளிகள், அதே இடத்தில்.

மதுரையில் எடுத்த படம் சுத்தமாக இருந்தது. எங்கள் மேசையில் எடுத்தால் மட்டும் வாரந்தோறும் கூடின. எட்டாவது படத்தைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"ஒன்பதாவது எடுத்துராத, ஹுஸ்னா."

எடுக்கவில்லை. அடுத்த திங்கள் காலை இருட்டறையைத் திறந்தால், ஒன்பதாவது படம் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது.

நுரையீரல் முழுக்க வெள்ளை.

மதியத்துக்குள் டாக்டர் மூச்சுத் திணறி இறந்துபோனார்.

மன்னிப்புக் கேட்க சங்கிலியம்மாள் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை.

"நா ஒண்ணும் ஏவி விடல, தாயி," என்றாள். "பொதச்ச மறுநாளே குழி தொறந்து கெடந்துச்சு."

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். கோம்பைத் தெருவில் வெளியூர் ஆளைக் கண்டால் நாய்கள் விடாது குரைக்கும். ஒன்றுகூடக் குரைக்கவில்லை. எழுந்து நின்று, என் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் எதையோ பார்த்து வாலை ஆட்டின.