தடுக்கப்பட்டவை: ஒன்று

ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவுக்குக் கந்தப்பன் கொடுக்க வேண்டியது அவ்வளவு. அது கடன் என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாக்கண்ணுவுக்கே தெரியாது. தெரியாமலே அவள் செத்து இன்றோடு பதினாறு நாள்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் ஆட்கள் எல்லாரும் அவளுடைய கருமாதிச் சாப்பாட்டுக்காகத் தோட்டத்தின் கீழ் டிவிசனுக்கு இறங்கியிருந்தார்கள். மனைவியும் போய்விட்டாள். காய்ச்சல் என்று சொல்லிக் கந்தப்பன் மட்டும் வீட்டில் நின்றுகொண்டான். பொழுது இருட்டும்போதே மலையிலிருந்து இறங்கிவிட்ட மூடுபனி தகரக் கூரையில் கோத்து நின்று சொட்டுச் சொட்டாக விழும் சத்தமும், அடுப்பில் வேகாமல் கசியும் ஈர விறகின் புகையும், ஆளில்லாத பதினோரு வீடுகளிலிருந்து சுவர் வழியாக ஊறி வருகிற குளிருமாக இருந்த அந்த அறையில், மகள் கொடுத்த பழைய லேப்டாப்பின் வெளிச்சம் மட்டும் அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

திரையில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளைப் பக்கம். எந்தத் தளத்தையும் அவன் இன்னும் திறக்கவில்லை. ஆனால் மேல் மூலையில், அரை மணி நேரத்துக்கு முன் தேடி எடுத்து ஏற்றிய தடுப்புச் செயலியின் சின்னக் குறிமேல், சிவப்பில் ஓர் எண் நின்றது.

1.

மகளுக்குப் போன் எடுத்தான். ஜெயந்தினி ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறாள்.

"அது மறிச்ச கணக்கு அப்பா. விளம்பரம், வேவு பாக்கிறது, கள்ளப் பக்கம், என்ன வந்தாலும் மறிச்சிட்டு எத்தனைன்னு காட்டும்."

"நான் ஒன்னுமே தொறக்கலியே புள்ள."

"புது வேலைக்காரன்ல, மொத நாளு கொஞ்சம் ஆடத்தான் செய்வான். நீங்க மட்டும் என்னவாம்? கவ்வாத்துக் கத்தி கைக்கு வந்த மொத நாளு தேயிலைய விட்டுட்டு கால வெட்டிக்கிட்டு வந்தீங்களாமே, அம்மா சொன்னாங்க."

"ஒங்கம்மாவுக்கு வேற வேல இல்ல. இன்னும் ஏதும் ஏத்தணுமா?"

"வேணவே வேணாம். அந்தப் பழைய ப்ரவுசருல பதிமூணு எக்ஸ்டென்ஷன் கெடந்திச்சு. சந்தைக்கடை மாதிரி. அதுக்குத்தானே ஞாயித்துக்கெழம அதையே தூக்கிட்டு வேற ப்ரவுசரு போட்டுக் குடுத்தேன். இனி ஒன்னு ஏத்துறதுன்னா யாரு செஞ்சதுன்னு பாருங்க, என்ன கேக்குதுன்னு பாருங்க. வீட்டுக்கு வந்தவன் தண்ணி கேட்டா குடுக்கலாம். பொட்டிச் சாவி கேட்டா?"

"வெரட்டணும்."

"அதான். மறிக்கிறவனுக்கு வாசல்ல நிக்க எடம் குடுத்துத்தான் ஆகணும், அதனால நல்லவனா ஒருத்தன் போதும். வாசிச்சிட்டு அமுக்குங்க. நீங்க வாசிக்கிறத யாரும் மணி பாக்கப் போறதில்ல."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். கந்தப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பத்துநாலு வயதில்தான் அவனுக்கு எழுத்து வந்தது. வேலை முடிந்து, கையில் தேயிலைக் கறை போகாமலே, பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவில் சாயந்திர வகுப்புக்குப் போய் ஒன்றரை வருஷத்தில் படித்தது. அதிலிருந்து லயத்தில் எந்தக் கடுதாசி வந்தாலும் அவனிடம்தான் வரும். வாங்கி, துரை ஆபீஸ் கிளார்க் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, தலையை ஆட்டுவான். உண்மையில் அவனுக்கு ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் வேண்டும். ஆட்கள் போனபிறகு உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்துக்கொள்வான். அந்த வெட்கம் மட்டும் ஒன்பது வருஷமாகப் போகவில்லை.

அம்மாக்கண்ணு இவனைவிடப் பத்து வயது மூத்தவள். கொழுந்தெடுத்து ஓய்ந்தபோது கிடைத்த சேவைக்காலப் பணத்தில் கூரைக்கும் கடைப் பாக்கிக்கும் போக மிஞ்சியதைக் கண்ணுக்கென்று வைத்திருந்தாள். இரண்டு கண்ணிலும் பால் படர்ந்திருந்தது. லென்ஸ் வாங்கிக் கொடுத்தால் சீக்கிரம் வெட்டிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நான் வெரல் வைக்கிறவ, நீ வாசிக்கிறவன் தம்பி. கண்ண வெட்டுற வரைக்கும் எனக்கு நீதான் கண்ணு" என்று பேங்க் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு சாயந்திரம், இதே மேசை, இதே லேப்டாப். அவளுடைய கணக்கைப் பார்க்கப் போனபோது திரையில் தங்க நிறத்தில் ஒரு கேடயம் வந்து நின்றது. பணத்துக்குப் பாதுகாப்பு, இலவசம் என்று பெரிய எழுத்தில். அதன் கீழே சின்ன எழுத்தில் நாலு வரி. அனுமதி கேட்டது. முதல் சொல்லிலேயே அவன் தடுக்கிவிட்டான். அம்மாக்கண்ணு பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, வெள்ளை விழுந்த கண்களை அவன் பக்கம் திருப்பி, வெற்றிலையை மென்றபடி காத்திருந்தாள். கூட்டிக் கூட்டிப் படித்தால் அவளுக்குக் கேட்கும். கண்ணை ஓட்டினான். "சரிதான்" என்றான். அமுக்கினான். அடுத்து அவளுடைய போனுக்கு வந்த எண்ணைக் கேட்டது. அதையும் வாசித்துப் போட்டுக் கொடுத்தான்.

காலையில் கணக்கில் பதின்மூன்று ரூபாய் இருந்தது.

இரகசிய எண்ணை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள் என்று பேங்கில் கைவிரித்தார்கள். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பேங்க்ல ஏதோ கோளாறுக்கா. திரும்பி வந்துரும்" என்றான்.

அவள் நம்பினாள். மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில் காலையில் அவன் காலடி கேட்டதும் வாளியை வைத்துவிட்டுத் திரும்புவாள்.

"வந்துருச்சா தம்பி?"

"இன்னும் இல்லக்கா."

ஐந்து மாதம். ஒரு நாள் விடாமல். ஒரு நாளாவது குரலை உயர்த்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உயர்த்தவில்லை. பதினாறு நாளைக்கு முன் மூடுபனியில் பாசி பிடித்த படி அவளுக்குத் தெரியவில்லை. வாளி உருண்டுபோய்த் தேயிலைக்குள் கிடந்தது. இவன்தான் போய் அவளைப் புரட்டினான். கண்கள் திறந்தே இருந்தன.

மாட்டை விற்று, சீட்டு எடுத்து, அந்தத் தொகையை ஒரு ரூபாய் குறையாமல் சேர்த்துத் தன் கணக்கில் போட்டுவிட்டான். கருமாதிக்கு வந்திருக்கும் அவள் மகன் சோலைமலைக்கு இன்றைக்கு அனுப்பிவிட வேண்டும். போகிற வழியில் இன்னொரு கள்ளன் நின்றுவிடக் கூடாது. அதற்குத்தான் வேறு உலாவி. அதற்குத்தான் இந்தத் தடுப்பு.

கீழே, தூரத்தில், தகர வாளியின் கைப்பிடி விழுந்து 'கிணுங்' என்றது.

திரையில் எண் 2 ஆனது.

காற்றாக இருக்கும். பீலியில் யாராவது வாளியை மறந்திருப்பார்கள். அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். தண்ணீர் விழும் ஓசை, எப்போதும் போல ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. பிறகு அது மாறிற்று, கல்லில் விழாமல் பாத்திரத்தில் விழுகிற மாதிரி, மெல்ல மெல்ல நிறைகிற மாதிரி, வாய்வரை வந்து தளும்புகிற மாதிரி.

3.

மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள்: குறியைத் தொட்டால் எதை எதை மறித்தது என்று பட்டியல் வரும். தொட்டான். தளங்களின் பெயர் வரும் இடத்தில் மூன்று வரிகள் தமிழில் இருந்தன. விரலை வைத்துக் கூட்டினான்.

பீ... லி... ய... டி. தடுக்கப்பட்டது.

பா... சி... ப்... ப... டி. தடுக்கப்பட்டது.

கொய்யா மரம். தடுக்கப்பட்டது.

பீலியிலிருந்து லயத்துக்கு ஏறிவரும் பாதையில்தான் கொய்யா மரம் நிற்கிறது. அவன் மூன்றாவது வரியை முடிக்கும் முன்பே நாலாவது வரி வந்துவிட்டது.

ஒன்றாம் வீடு.

வெளியே, லயத்தின் அந்தக் கோடியில், வாசல் திண்ணையான இஸ்தோப்பின் சிமெந்தில் ஈரக் கால் ஒன்று பதியும் சத்தம். வாளி தளும்பித் தண்ணீர் சிந்தும் சத்தம். அடுத்த கால்.

போனை எடுத்தான். சிக்னல் இல்லை.

இரண்டாம் வீடு. தடுக்கப்பட்டது.

நடை அவசரமில்லாமல் வந்தது. கால் வைக்கும் முன் தரையைத் தடவிப் பார்க்கும் நடை. கண் தெரியாதவர்கள் நடப்பது.

மூன்றாம் வீடு.

நாலாம் வீடு அவளுடையது. பூட்டுத் தொங்குகிறது. அங்கே நின்றுவிடும், அங்கேதான் வந்திருக்கிறது என்று கந்தப்பன் மாரியம்மனை நினைத்துக்கொண்டான். நின்றது. வாளியைக் கீழே வைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டு ஒரு தரம் ஆடிற்று.

பிறகு வாளியை எடுத்தது.

ஐந்தாம் வீடு. தடுக்கப்பட்டது.

ஐந்தாம் வீடு இவனுடையது.

கதவுக்கு வெளியே ஒன்றும் அசையவில்லை. தட்டவில்லை. கதவடியில் தண்ணீர் மட்டும் ஒரு நாக்குப் போல உள்ளே வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு நனைந்தால் வரும் மணம் வந்தது. வெற்றிலை மணம் வந்தது. சிவப்பு எண் ஏறியது. 9. 10. 11. வாசலில் நின்றபடியே. 14. 15.

பணத்தைக் கொடுத்துவிட்டால் போய்விடும்.

பேங்க் பக்கத்தைத் திறந்தான். சிக்னல் இல்லாமலே பாதி வந்தது. பாதி வெள்ளையாக நின்றது. நடுவில் ஒரு கட்டம்.

தடுப்பை நீக்கினால் மட்டுமே கணக்கைத் தீர்க்க முடியும்.

16.

கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் நாலு வரி. அனுமதி கேட்டது.

இந்த முறை வாசித்தான். கண்ணை ஓட்டவில்லை. விரலை வைத்து, வாய்விட்டு, சொல் சொல்லாக. கதவுக்கு வெளியே கேட்கட்டும். கூட்டிக் கூட்டி, தடுக்கி, திரும்ப வந்து, மறுபடி கூட்டி. அவன் வாசித்து முடிக்கும்வரை அந்த எண் ஏறாமல் நின்றது. அவன் வாசிப்பதைக் காத்திருந்து கேட்பது போல.

நீங்கள் பார்க்கும் எல்லாவற்றையும் பார்க்கவும், நீங்கள் வாசிக்கும் எல்லாவற்றையும் வாசிக்கவும், அவற்றை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் அனுமதி கேட்கிறது.

யார் செய்தது என்ற இடத்தில் பெயர் இல்லை. நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை.

வீட்டுக்கு வந்தவன் பொட்டிச் சாவி கேட்டால்? மகளின் குரல். வெரட்டணும்.

ஐந்து மாதம் பீலியடியில் நின்ற முகம்.

எல்லாம் வாசித்தாயிற்று. எல்லாம் புரிந்தது.

"சரிதான்க்கா" என்றான்.

அமுக்கினான்.

சிவப்பு எண் போயிற்று. கதவு திறக்கவில்லை. கொண்டி அசையவில்லை. ஆனால் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் அறைக்குள் கேட்டது.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. வாசிக்கக் குனிந்தான். முதல் எழுத்தின் வளைவு கலங்கிற்று. பனி உள்ளே வந்துவிட்டது என்று நினைத்துத் திரையைத் துடைத்தான். திரை காய்ந்திருந்தது. கண்ணைத் துடைத்தான். ஓரங்களிலிருந்து பால் ஊற்றிய மாதிரி வெள்ளை ஏறி வந்தது. எழுத்துகள் எழுத்தாக இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் இருந்ததுபோல வெறும் எறும்பு. பிறகு எறும்பும் இல்லை.

கடைசியாகக் கண்டது திரையின் கறுப்பு விளிம்பில் தெரிந்த இரண்டு முகங்கள். முன்னால் இருந்த முகத்தில் கண்கள் வெள்ளையாக இருந்தன. அது அவன் முகம். அவன் தோளுக்கு மேலே குனிந்திருந்த முகத்தில் கண்கள் கறுப்பாக, தெளிவாக, இமைக்காமல் திரையைப் பார்த்தன.

வெள்ளை.

காதருகில் ஈர மூச்சு.

"வந்துருச்சு தம்பி."

பிறகு அவள் வாசிக்கத் தொடங்கினாள். வெட்கமில்லாமல், அவசரமில்லாமல், எழுத்துக்கு ஒரு மூச்சு விட்டு.

"பா... க்... கி... இ... ல்... லை."

குளிர்ந்த விரல்கள் அவன் கையைத் தேடிப் பிடித்தன. பெருவிரலை மட்டும் பிரித்து நீட்டின. அதன் நுனியில் மை மாதிரி ஏதோ ஈரமாகத் தடவின.

"இந்தா, இங்க வெரல் வையி தம்பி. நான் வாசிச்சிட்டேன்."