சூடு ஆறாத கல்

கல் சீக்கிரமாகவே நீலமாகிவிட்டது. அதுதான் நமேலோக்கை முதலில் உறுத்தியது.

சுரங்க ஊரான மெரேராணியில், நிறம் ஏறுவதற்காக வெகுகாலமாக ரத்தினக் கல் சுடுகிறவள் அவள். மண்ணிலிருந்து வரும்போது அழுக்கு வெல்லக்கட்டி மாதிரி பழுப்பாக இருக்கும் கல், சாம்பல் நிரப்பிய சட்டிக்குள் மெதுவாகக் காய்ந்து, சாயங்காலம்தான் ஊதா கலந்த நீலத்துக்கு வரும். இன்று மதியத்துக்கு முன்பே வந்துவிட்டது. தகரக் கூரை வெயிலில் முனகிக்கொண்டிருக்க, கரிப்புகையோடு தலைமுடி பொசுங்கும் வாடையும் வந்தது. தன் துணியில் பொறி விழுந்ததா என்று பார்த்தாள். இல்லை.

மின்னல் விழுந்து புல் எரிந்த மலையில் மாடு மேய்த்தவர்கள் முதன்முதலில் பொறுக்கிய கல் இது என்று அவள் இனத்தார் சொல்வார்கள். தீயில் பிறந்தது. அதனால் ஒரு சுரங்கக் குழிக்குள் ஆள் இருக்கும்வரை அந்தக் குழியின் கல்லை அடுப்பில் ஏற்றக்கூடாது. அதுவரை கல்லும் ஆளும் ஒரே வயிற்றுக்குள் இருக்கிறார்கள்.

அவள் தம்பி லெகிஷோன் வேலை பார்த்தது இன்றைய கல் வந்த குழியில்தான். காலையில் கல்லைக் கொண்டுவந்த தரகன் கிசியோகியிடம் கேட்டுத்தான் வாங்கினாள்.

"எல்லாரும் ஏறிட்டாங்களாடா?"

"ஏறியாச்சுக்கா. உங்க தம்பி டீக்கடையில உக்காந்து கதை அளந்துக்கிட்டிருக்கான். வாங்குறவர் சாயங்காலம் கிளம்புறார், சட்டுனு போடுங்க."

சொன்னவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது குழி வாசலில் கயிறு பிடிப்பவனுக்குப் போன் போட்டாள்.

"லெகிஷோனா? இன்னும் கீழதான் இருக்கான்கா. கூப்பிட்டா பதிலே இல்ல."

போனை வைத்தாள். சட்டியை இறக்கவும் முடியாது. சுட்ட கல் சட்டென்று குளிர்ந்தால் வெடித்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கை, கால், நெஞ்சு எல்லாம் மரத்துப்போய், யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

கதவு கிரீச்சிட்டது.

"அக்கா, தண்ணி."

லெகிஷோன். அதே சிவப்புச் சால்வை. அதே ஒடிந்த பல்.

கைத்தடியைச் சுவரில் சாய்க்கத் திரும்பினான். பக்கவாட்டில் அவன் கன்னம் ஊதாவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினான். பின்கழுத்து ரத்தச் சிவப்பு. மறுபடி அவளைப் பார்த்தான். வெறும் தம்பி. நல்ல கல்லை விரலில் பிடித்துத் திருப்பினால் இப்படித்தான் பக்கத்துக்கொரு நிறம் காட்டும்.

அவன் உடம்பின் அனல் அவள் முகத்தில் அடித்தது.

"எப்படிடா வந்தே?"

"திடீர்னு சூடாயிடுச்சுக்கா. எனக்கு மட்டும்."

அவள் பயப்படவில்லை. பயப்படக்கூட எதுவும் மிச்சமில்லை. தம்பி தண்ணீர் கேட்டான். கை தானாகப் போய்ப் பானையில் மொண்டது. நல்ல குளிர்ந்த தண்ணீர்.

அவன் அண்ணாந்து குடித்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

டக்.

அவளுக்குத் தெரிந்த சத்தம். பாழான ஒவ்வொரு கல்லிலும் கேட்ட சத்தம். அவன் தொண்டைக்குள்ளிருந்து வந்தது.

மோவாயிலிருந்து நெஞ்சுவரை மயிரிழையாக ஒரு விரிசல். ரத்தம் இல்லை. உள்ளே நீலம்.

டக். டக்.

லெகிஷோன் சிரித்தான். காலிக் குவளையை அவளிடம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் குடுக்கா."