உண்ணி ஏறிய சுவர்

பதுங்குகுழிச் சுவரிலிருந்து மண் உதிர்வது கமலாட்சிக்குப் புதிதல்ல. கிபிர் விமானம் குண்டு போடும்போதெல்லாம் தலை நிறைய மண் கொட்டத்தான் செய்யும். ஆனால் அன்று மத்தியானம், மரக்குற்றிகளுக்கு நடுவே நுழைந்த மெல்லிய வெளிச்சத்தில், ஒரு மண்துகள் கீழிருந்து மேலே போனது.

உற்றுப் பார்த்தாள். அதற்குக் கால்கள் இருந்தன.

போன மாதம் அவர்களுடைய நாய் கறுப்பன் உண்ணிக் காய்ச்சலில் கிடந்தது இந்தக் குழிக்குள்தான். துணுக்காய் வெயிலில் வேறெங்கே குளிர்ச்சி இருக்கிறது என்று அவளே தூக்கிவந்து யூரியாச் சாக்கில் படுக்கவைத்தாள். பல் முரசு வெளுத்து, மூத்திரம் கோப்பி நிறத்தில் போய், எட்டாம் நாள் அது செத்தது. காதுக்குள் கொத்தாய்த் தொங்கிய உண்ணிகள் அதற்கு முன்பே வயிறு முட்டக் குடித்து உதிர்ந்துவிட்டன. குழிக்கு மண்ணெண்ணெய் அடிக்கச் சொன்னார் பக்கத்துக் காணி ஐயாத்துரை. பொருளாதாரத் தடைக்காலத்தில் கிடைத்த அரைப் போத்தலை நாய் உண்ணிக்கு ஊற்ற எந்தப் பைத்தியக்காரிக்கு மனம் வரும்? ஜாம்போத்தல் விளக்குக்கு வைத்துக்கொண்டாள். சாக்கையும் உதறி மறுபடி விரித்தாள். அந்தப் புத்தியை இப்போது செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

"அம்மா, கழுத்தில ஊருது," என்றாள் மடியிலிருந்த நாலு வயது மகள் சுரேகா.

"எறும்பு பிள்ளை. ஆடாமல் இரு."

"வெளியில போவமே?"

"ஐயோ, கிபிர் நிக்குது!"

இரைச்சல் வட்டமடித்துத் திரும்பியது. பக்கத்தில் விழுந்த குண்டில் குழியின் வாசல் இடிந்து மூடிக்கொண்டது. கையளவு ஓட்டைதான் மிஞ்சியது.

அந்த வெளிச்சத்தில் சுவர் முழுவதும் நகர்ந்தது. குற்றி இடுக்குகளிலிருந்து, சாக்கு மடிப்புகளிலிருந்து, கடுகைவிடச் சின்னதாய், ஆயிரம், பல்லாயிரம். முட்டை பொரித்துப் பசியோடு வந்த உண்ணிக் குஞ்சுகள். எல்லாம் ஒரே பக்கம் வந்தன.

பயத்தில் அவளுக்கு மூச்சு நின்றது. அவள் பக்கத்துச் சுவரும் நின்றது.

மூச்சு விட்டாள். நகர்ந்தது.

அடக்கினாள். நின்றது.

பிள்ளையின் பக்கம் நிற்கவில்லை.

"மூச்சு விடாதை பிள்ளை. கொஞ்ச நேரம்."

சுரேகா வாயைப் பிளந்து அழுதாள். அவை விரைந்தன. கழுத்தில். கன்னத்தில். உதட்டில்.

கமலாட்சி அந்த வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினாள். தானும் அடக்கிக்கொண்டாள். சின்னக் கால்கள் உதைத்தன. உதைத்தன. ஓய்ந்தன.

சுவர் அசையவில்லை.

"என்ரை கெட்டிக்காரி," என்று மகளின் காதோடு சொன்னாள். "இப்பிடியே இரு."

அவள் கையை எடுக்கவில்லை. நாலு பக்கச் சுவரும் மெல்லத் திரும்பி, அவளை நோக்கி மட்டும் வரத் தொடங்கின.